“விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” – அப்படி எழுதிட்டா போதுமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் நாம பேசப்போறது, கடையில வாங்கின பொருள் பழுதா இருந்தா என்ன பண்றதுங்கிறதைப் பத்தி. மிக்ஸி, செருப்பு, சார்ஜர், புடவைன்னு பொருள் எதுவா இருந்தாலும் கடையில கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒண்ணுதான். “பில்லுல போட்டிருக்கு பாருங்க, விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.” நாமளும் அதைப் படிச்சுட்டு, சரி, சட்டம் அப்படித்தான் போலன்னு திரும்பி வந்துடுறோம்.

முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்லை. எங்க குடும்பத்துல நடந்த ஒரு விஷயத்துனால இந்தச் சட்டத்தை உட்கார்ந்து படிக்க வேண்டி வந்தது. அதுல நான் ஒரு தப்பும் பண்ணேன். அந்தக் கதையில இருந்தே தொடங்கறேன்.

அத்தையோட கிரைண்டர்

எங்க அத்தை ஈரோட்டுல இருக்காங்க, அப்பாவோட அக்கா. மாமா தவறினதுக்கு அப்புறம் வீட்டிலேயே இட்லி மாவு அரைச்சு, பாக்கெட் போட்டு, அக்கம்பக்கத்துல விக்கறாங்க. தெருமுனையில ஒரு டீக்கடைக்கும் தினமும் மாவு போகும். அவங்க பழைய கிரைண்டர் நின்னுபோனதும், போன வருஷம் ஆடித் தள்ளுபடியில ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வாங்கினாங்க. விலை 5,400 ரூபாய். சீட்டு எடுத்த பணம்.

சனிக்கிழமை வாங்கினாங்க. மறுநாள் கழுவி, முதல் தடவையா அரிசி போட்டு அரைச்சிருக்காங்க. மாவை வழிக்கும்போது நடுவுல கறுப்பா ஒரு கோடு. கையில தொட்டா பிசுபிசுன்னு இருக்கு. கிரீஸ். டிரம்முக்கு அடியில இருக்கிற சீல் வழியா கிரீஸ் கசிஞ்சு மாவுல கலந்திருக்கு. அவ்வளவு மாவையும் கொட்டிட்டாங்க.

திங்கட்கிழமை கிரைண்டரைத் தூக்கிட்டு கடைக்குப் போனாங்க. கவுன்ட்டர்ல இருந்த பையன் மூணு பதில் சொன்னான். ஒண்ணு, “வித்த பொருளைத் திருப்பி எடுக்கறதில்லைங்க.” ரெண்டு, “கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க, நாங்க வித்துக் கொடுக்கறதோட சரி.” மூணாவதா, அத்தை மாவு விக்கறாங்கன்னு பேச்சுல தெரிஞ்சதும், “வியாபாரத்துக்கு யூஸ் பண்ணினா வாரண்டியே கிடையாதுங்க.”

அத்தை எனக்கு போன் பண்ணாங்க. நான் பண்ணின தப்பு இதுதான்: நானும் போன்லயே பேசினேன். கடைக்கு நாலு தடவை, சர்வீஸ் சென்டருக்கு மூணு தடவை. “நாளைக்கு ஆள் வரும்”, “ஸ்பேர் வரணும்”, “ஓனர் ஊர்ல இல்லைங்க.” இப்படியே இருபது நாள் போயிடுச்சு. நான் யார்கிட்ட என்ன கேட்டேன், அவங்க என்ன பதில் சொன்னாங்கங்கிறதுக்கு என் கையில ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதுக்குள்ள டீக்கடைக்காரர் வேற இடத்துல மாவு வாங்க ஆரம்பிச்சுட்டார். அத்தை, “போச்சாது விடு கண்ணு, நம்ம நேரம்”னு சொல்லிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரிதான் சட்டத்தை எடுத்துப் படிச்சேன். அந்தப் பையன் சொன்ன மூணு பதிலையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கலாம்.

“வித்த பொருளைத் திருப்பி எடுக்கறதில்லை”

இப்போ நடைமுறையில இருக்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இது 2020 ஜூலையில அமலுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி 1986ஆம் வருஷச் சட்டம் இருந்தது. அந்தப் பழைய சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தது டிசம்பர் 24ஆம் தேதி. அதனாலதான் அந்த நாளைத் தேசிய நுகர்வோர் தினமாக் கொண்டாடறாங்க.

புதுச் சட்டத்துல 2(47)னு ஒரு பிரிவு, நேர்மையற்ற வணிக நடைமுறைன்னா என்னென்னன்னு பட்டியல் போடுது. அதுல ஒண்ணு நமக்கு நேரடியா உதவும். பழுதான பொருளை வித்துட்டு, அதைத் திரும்ப வாங்கிக்கவும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் மறுத்தா, அது நேர்மையற்ற வணிக நடைமுறை. எவ்வளவு நாளுக்குள்ளன்னா, பில்லுல ஒரு காலக்கெடு போட்டிருந்தா அதுக்குள்ள. பில்லுல எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள.

அதனால “திரும்பப் பெறப்பட மாட்டாது”னு பில்லுல அச்சடிச்சுட்டா மட்டும் கடைக்காரரோட பொறுப்பு தீர்ந்துடாது. நுகர்வோர் ஆணையங்களும் இந்த வாசகத்தை நேர்மையற்ற நடைமுறைன்னு பல வழக்குகள்ல சொல்லியிருக்கு. இன்னொண்ணையும் கவனிங்க. சட்டம் சொல்றது பணத்தைத் திருப்பித் தர்றதைப் பத்தி. “பணம் தர மாட்டோம், கிரெடிட் நோட்டு தர்றோம், ஆறு மாசத்துக்குள்ள இங்கேயே வேற ஏதாவது வாங்கிக்கோங்க”னு சொன்னா, உங்களுக்குச் சம்மதம்னா வாங்கிக்கலாம். பழுதான பொருளுக்கு அதை ஏத்துக்கிட்டே ஆகணும்னு கட்டாயம் கிடையாது.

ஆனா இங்க ஒரு கோடு போட்டுக்கணும், ஏன்னா இதுல நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கு. நான் பேசறது பழுதான பொருளைப் பத்தி மட்டும்தான். புடவையை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தா கலர் பிடிக்கலை, சட்டை சைஸ் நாமளே தப்பா எடுத்துட்டோம், இதே மாடல் பக்கத்துக் கடையில 200 ரூபாய் கம்மி – இதெல்லாம் பழுது இல்லை. மனசு மாறினதுக்காகக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கணும்னு இந்தச் சட்டம் சொல்லலை. வாங்கிக்கிட்டா அது அந்தக் கடையோட நல்ல பழக்கம். அந்த இடத்துல சட்டம் பேசிச் சண்டை போடாதீங்க.

சரி, பழுதுன்னா என்ன? பிரிவு 2(10) சொல்லுது. தரம், அளவு, வீரியம், தூய்மை இதுல எதுல குறை இருந்தாலும் பழுதுதான். சட்டப்படி இருக்க வேண்டிய தரத்துல குறை இருக்கலாம், ஒப்பந்தப்படி இருக்க வேண்டியதுல இருக்கலாம். விக்கறவர் “இது இப்படி இருக்கும்”னு சொல்லி வித்தாரே, அதுல குறை இருந்தாலும் பழுதுதான். “ஒரிஜினல் லெதர்”னு சொல்லி ரெக்சின் செருப்பைக் கொடுத்தா, செருப்பு அறுந்துபோகாட்டியும் உங்களுக்குப் புகார் பண்ண உரிமை இருக்கு.

தள்ளுபடியில வாங்கினா இந்த உரிமை போயிடுமான்னு கேக்கறாங்க. போகாது. விலையைக் குறைச்சதால பழுதான பொருளைக் கொடுக்கலாம்னு ஆகிடாது. ஆனா, “இந்த ஃபிரிட்ஜுல பக்கவாட்டுல ஒரு ஒடுக்கு இருக்கு, அதனால 3,000 ரூபாய் கம்மி”னு காட்டிச் சொல்லி, நீங்களும் ஒத்துக்கிட்டு வாங்கினா, அந்த ஒடுக்கைக் காரணமாக் காட்டித் திருப்பித் தர முடியாது. அதே ஃபிரிட்ஜுல குளிர்ச்சி வரலைன்னா அது வேற பழுது. அதுக்குக் கேட்கலாம்.

“கம்பெனியைப் போய்ப் பாருங்க”

அடுத்தது ரெண்டாவது பதில். நாம அதிகமா ஏமாறற இடம் இதுதான்.

வாரண்டிங்கிறது தயாரிச்ச கம்பெனி நமக்குக் கொடுக்கிற ஒரு வாக்குறுதி. ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துக்குள்ள கோளாறு வந்தா சரிபண்ணித் தர்றோம்னு. அது இருக்கிறதால, வித்த கடைக்காரரோட பொறுப்பு இல்லாம போயிடாது. பணத்தை வாங்கினது கடைக்காரர், வித்தது கடைக்காரர். விற்பனை ஒப்பந்தம் உங்களுக்கும் அவருக்கும் நடுவுலதான். நான் மேல சொன்ன 2(47)லயும், வித்ததுக்கு அப்புறம் திரும்ப வாங்க மறுக்கிறதைத்தான் தப்புன்னு சொல்லியிருக்காங்க. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. அதுலயும், அந்த வகைப் பொருளை விக்கிற வியாபாரிகிட்ட விவரம் சொல்லி வாங்கினா, அந்தப் பொருள் விக்கத் தகுந்த தரத்துல இருக்கணும்ங்கிறது எழுதாமலே அடங்கின நிபந்தனை.

அதுக்காக சர்வீஸ் சென்டருக்குப் போகவே வேண்டாம்னு சொல்லலை. போங்க. ஆனா கடைக்காரரை விட்டுட்டுப் போகாதீங்க. அவர்கிட்டயும் புகாரைக் கொடுத்துட்டுப் போங்க. பின்னால ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தா, கடைக்காரர், கம்பெனி ரெண்டு பேரையுமே எதிர்த்தரப்பா சேர்க்கலாம்.

சர்வீஸ் சென்டருக்குப் போனா ஒரு லாபம் இருக்கு. மெக்கானிக் வந்து பார்த்தா ஒரு ஜாப் ஷீட் எழுதுவார். அதுல என்ன கோளாறுன்னு எழுதச் சொல்லி, ஒரு நகலை வாங்கிக்கோங்க. அத்தை விஷயத்துல பத்தொன்பதாவது நாள் ஒருவழியா ஒருத்தர் வந்தார். பார்த்துட்டு, “சீல் லீக், டிரம்முல கிரீஸ், டிரம் மாத்தணும்”னு எழுதிக் கொடுத்துட்டு, ஸ்பேர் இல்லைன்னு போயிட்டார். அன்னைக்கு அத்தைக்குக் கோபம்தான் வந்தது. ஆனா எங்களுக்குக் கிடைச்சதுலேயே பலமான ஆதாரம் அதுதான். பொருள் பழுதுன்னு கம்பெனியோட ஆளே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கார்.

இங்க ஒரு எச்சரிக்கை. அவசரத்துக்குப் பக்கத்துல இருக்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லாதீங்க. பிரிச்சுட்டா, “வெளி ஆள் கைவெச்சு கெடுத்துட்டான்”னு அவங்க சொல்ல வழி கிடைச்சிடும். பொருள் எப்படி இருக்கோ அப்படியே வெச்சிருங்க. போட்டோ, வீடியோ எடுத்துக்கோங்க.

“வியாபாரத்துக்கு வாங்கினா கிடையாது”

இந்த மூணாவது பதில்தான் அத்தையை ரொம்பப் பயமுறுத்தினது. தான் மாவு விக்கறதையே ஏதோ தப்பு பண்ணின மாதிரி நினைக்க ஆரம்பிச்சுட்டாங்க. “நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும் கண்ணு”ன்னாங்க.

அந்தப் பையன் சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்கு. திரும்ப விக்கறதுக்காகவோ, வணிக நோக்கத்துக்காகவோ வாங்கறவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டார். ஆனா அதே இடத்துல சட்டம் ஒரு விளக்கமும் கொடுக்குது. ஒருத்தர் சுயதொழில் பண்ணி, தன் பிழைப்புக்காகவே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தினா, அதை வணிக நோக்கம்னு எடுத்துக்கக் கூடாது. அவரும் நுகர்வோர்தான்.

இதைப் பத்தி 1995லேயே உச்ச நீதிமன்றம் விரிவா பேசியிருக்கு. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்ங்கிற வழக்கு. நம்ம கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.தான். அந்த வழக்குல பல லட்ச ரூபாய்க்கு இயந்திரம் வாங்கின நிறுவனத்தை நுகர்வோர்னு நீதிமன்றம் ஏத்துக்கலை. ஆனா தீர்ப்புல சின்ன ஆட்களுக்கு உதவுற உதாரணங்கள் இருக்கு. டைப்ரைட்டர் வாங்கி, தானே தட்டச்சு பண்ணிக் கொடுத்துப் பிழைக்கிறவர். கார் வாங்கித் தானே டாக்ஸி ஓட்டறவர். இவங்க நுகர்வோர்தான். உதவிக்கு ஒண்ணு ரெண்டு ஆள் வெச்சுக்கிட்டாலும் அது மாறாதுன்னு சொல்லியிருக்காங்க. தன் கையால மாவு அரைச்சு விக்கற அத்தையும் இந்த வரிசையிலதான் வருவாங்க.

வாரண்டி அட்டையில “வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது”னு ஒரு வரி இருக்கலாம், அது வேற விஷயம். அது கம்பெனி கொடுத்த வாக்குறுதியோட எல்லை. அத்தையோட கிரைண்டர்ல முதல் தடவை போட்டப்பவே கிரீஸ் கசிஞ்சது. அதிகமா ஓட்டினதால வந்த கோளாறுன்னு யாரும் சொல்ல முடியாது. கடையில இருந்து வரும்போதே அதுல அந்தக் குறை இருந்திருக்கு.

பில் இல்லையே, என்ன பண்றது?

அத்தைகிட்ட பில்லைக் கேட்டேன். ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்துக் கொடுத்தாங்க. மேல “எஸ்டிமேட்”னு இருக்கு. கடை பேரு இல்லை. “பில் போட்டா வரி சேரும், இதே விலைக்கு வேணும்னா இப்படி வாங்கிக்கங்க”னு சொல்லியிருக்காங்க. நம்மள்ல எத்தனை பேர் இதுக்குத் தலையாட்டியிருக்கோம், சொல்லுங்க.

பொருளை வித்துட்டு பில் கொடுக்காம இருக்கிறதும் அதே 2(47) பட்டியல்ல இருக்கிற ஒரு தப்புதான். ஆனா நம்ம கையில ஆதாரம் இல்லைன்னா அவங்க தப்பை நாம எப்படிக் காட்டறது? நல்லவேளையா அத்தை 3,000 ரூபாயைப் பணமாவும், மிச்சம் 2,400 ரூபாயை யுபிஐ மூலமாவும் கொடுத்திருந்தாங்க. வங்கிக் கணக்குல கடை பேரு, தேதி, தொகை எல்லாம் இருந்தது. வாரண்டி அட்டையில கடை முத்திரையும் தேதியும் இருந்தது. அது ரெண்டும் சேர்ந்து, அந்தக் கடையில அந்த நாள்ல வாங்கினதுதான்னு காட்டிடுச்சு. பில் இல்லாதவங்க மனசை விட்டுடாதீங்க. பணம் போன பதிவு, முத்திரை போட்ட அட்டை, வாட்ஸ்அப்ல வந்த மெசேஜ், டெலிவரி சீட்டு, எதுவா இருந்தாலும் எடுத்து வைங்க.

ஒரு பக்கக் கடிதம்

இருபத்திரண்டாவது நாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். சட்டத் தமிழ் எல்லாம் வேண்டாம். அத்தை பேருல, அத்தை கையெழுத்தோட. ஏறக்குறைய இப்படி இருந்தது:

“தங்கள் கடையில் இன்ன தேதியில் ரூ. 5,400 செலுத்தி இன்ன மாடல் கிரைண்டர் வாங்கினேன். மறுநாள் முதல்முறை பயன்படுத்தியபோதே டிரம்மிலிருந்து கிரீஸ் கசிந்து மாவில் கலந்தது. அதற்கு அடுத்த நாளே கிரைண்டரைத் தங்கள் கடைக்குக் கொண்டுவந்தேன். திரும்பப் பெற மறுத்தீர்கள். கம்பெனி மெக்கானிக் இன்ன தேதியில் பார்த்துக் குறையை எழுதிக் கொடுத்துள்ளார், நகல் இணைத்துள்ளேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)இன்படி கிரைண்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ரூ. 5,400-ஐ இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளிப்பேன்.”

அவ்வளவுதான். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. என்ன வாங்கினோம், என்ன ஆச்சு, என்ன கேக்கறோம், எத்தனை நாள் டயம் – இந்த நாலும் இருந்தா போதும். ஜாப் ஷீட், வாரண்டி அட்டை, வங்கிப் பதிவு மூணுக்கும் ஜெராக்ஸ் வெச்சு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பினோம். ஒரிஜினலை எப்பவும் நீங்களே வெச்சுக்கோங்க. தபால் ரசீதையும், டெலிவரி ஆனதைக் காட்டற பக்கத்தையும் சேர்த்து வைங்க. இதே கடிதத்தை வாட்ஸ்அப்லயும் ஈமெயில்லயும் அனுப்பலாம், தப்பில்லை.

முதல் நாளே கடைக்குப் போனப்ப இதுல பாதியையாவது எழுதிக் கொடுத்து, நகல்ல “பெற்றுக்கொண்டேன்”னு கையெழுத்து வாங்கியிருந்தா அந்த இருபது நாள் வீணாயிருக்காது. நான் போன்ல எத்தனை மணி நேரம் பேசியிருந்தாலும், 30 நாளுக்குள்ள கேட்டேன்னு நிரூபிக்கக் காகிதம்தான் வேணும்.

அதுக்கும் மசியலைன்னா?

முதல் படி, 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயும் பேசலாம். அவங்க புகாரைப் பதிவு பண்ணி, சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்பிப் பேசிப் பார்ப்பாங்க. உத்தரவு போடற அதிகாரம் அவங்களுக்குக் கிடையாது. ஆனா பெரிய கம்பெனிகள் விஷயத்துல பல சமயம் இதுலயே முடிஞ்சிடும்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்ச ரூபாய் வரைக்கும் இங்கதான். விலை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே கிடையாது. வக்கீல் வெச்சே ஆகணும்னு இல்லை, நீங்களே வாதாடலாம். முன்னாடியெல்லாம் எதிர்த்தரப்பு இருக்கிற ஊருக்கோ, பிரச்சினை நடந்த ஊருக்கோதான் போகணும். 2019 சட்டத்துல, நீங்க குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம்னு மாத்திட்டாங்க. சென்னையில வாங்கின பொருளுக்கு ஈரோட்டுலயே கேஸ் போடலாம். இணையத்துல இ-ஜாக்ரிதிங்கிற தளம் வழியாவும் பதிவு பண்ணலாம்.

ஆணையம் என்ன உத்தரவு போடலாம்? பழுதை நீக்கித் தரச் சொல்லலாம், அதே மாதிரி வேற புதுப் பொருள் தரச் சொல்லலாம், பணத்தை வட்டியோட திருப்பித் தரச் சொல்லலாம், நஷ்டஈடும் கொடுக்கச் சொல்லலாம். இதுல எதைத் தரணும்னு அவங்கதான் தீர்மானிப்பாங்க. சின்னதா ஒரு பாகத்தை மாத்தினா சரியாயிடும்னு தெரிஞ்சா, புதுசு கொடுன்னு சொல்லாம சரிபண்ணிக் கொடுன்னு சொல்லவும் வாய்ப்பு இருக்கு. பழுது என்னன்னு பார்த்த உடனே தெரியலைன்னா, பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவாங்க. அந்தச் செலவை நாம முதல்ல கட்ட வேண்டி வரலாம்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதுல இருந்து மூணு மாசத்துக்குள்ள, சோதனை தேவைப்பட்டா அஞ்சு மாசத்துக்குள்ள முடிக்க முயலணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில அதைவிட நீண்டுபோற வழக்குகள் நிறைய. இதை மறைச்சுப் பேசினா உங்களுக்கு நான் உண்மையா இல்லைன்னு அர்த்தம். ஆனா உத்தரவு வந்துட்டா அதுக்குப் பல் உண்டு. மதிக்காதவங்களுக்கு ஒரு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் சிறை, இல்லைன்னா 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், இல்லைன்னா ரெண்டுமே.

இன்னொரு கேள்வி: 30 நாள் தாண்டிட்டா எல்லாம் போச்சா? இல்லை. 30 நாள்ங்கிறது, திரும்ப வாங்க மறுக்கிறதை நேர்மையற்ற நடைமுறைன்னு சொல்றதுக்கான கணக்கு. பழுதான பொருளுக்காக ஆணையத்துல புகார் கொடுக்கிறதுக்கு, பிரச்சினை எழுந்ததுல இருந்து ரெண்டு வருஷம் டயம் இருக்கு. ஆனா சீக்கிரம் கேட்டவங்க பக்கம் பலம் அதிகம். நாள் ஆக ஆக, “நீங்க யூஸ் பண்ணிக் கெடுத்தது”ங்கிற பேச்சுக்கு இடம் கொடுக்கிறோம்.

இணையத்துல வாங்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2020ல வந்த மின்வணிக விதிகள்படி, பொருள் பழுதா இருந்தாலோ, விளம்பரத்துல காட்டின மாதிரி இல்லைன்னாலோ, விக்கறவர் திரும்ப வாங்கவும் பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது. தளத்துல குறைதீர் அலுவலர்னு ஒருத்தர் பேரும் தொடர்பு விவரமும் போட்டிருக்கணும். புகார் கிடைச்சதுன்னு 48 மணி நேரத்துக்குள்ள அவர் தெரிவிக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கிற பழக்கம் இங்க ரொம்ப உதவும்.

அத்தைக்கு என்ன ஆச்சு?

கடிதம் டெலிவரி ஆன மூணாவது நாள், கடை ஓனரே அத்தைக்கு போன் பண்ணார். “ஏனுங்கம்மா, இதுக்குப் போயி லெட்டர் எல்லாம் எதுக்குங்க, நேர்ல வந்து சொல்லியிருந்தா முடிச்சிருப்பனே”ன்னார். அத்தை நேர்லதான் முதல்ல போனாங்க. இருந்தாலும் அதைச் சொல்லிச் சண்டை போடலை. கிரைண்டரைக் கொடுத்துட்டு 5,400 ரூபாயையும் வாங்கிட்டு வந்துட்டாங்க. இருபத்தொன்பதாவது நாள்.

கொட்டின மாவுக்கோ, போன டீக்கடை வியாபாரத்துக்கோ எதுவும் கிடைக்கலை. ஆணையத்துக்குப் போயிருந்தா நஷ்டஈடு கேட்டிருக்கலாம். நான் சொல்லிப் பார்த்தேன். அத்தை, “எனக்கு மாவு அரைக்கணும் கண்ணு, கேஸு வேண்டாம்”னு முடிச்சுட்டாங்க. அது அவங்க முடிவு. பணம் கைக்கு வந்ததைவிட, தான் தப்பு பண்ணலைங்கிறது தெரிஞ்சதுதான் அவங்களுக்குப் பெருசா இருந்தது. இப்போ யாராவது கேட்டா, “நான் மாவு விக்கறவங்க”னு சத்தமாவே சொல்றாங்க.

அடுத்த வாரம் வேற கடையில புது கிரைண்டர் வாங்கப் போனப்ப நானும் கூடப் போனேன். அத்தை பையில இருந்து ஒரு டப்பாவை எடுத்தாங்க. உள்ள ஊறவெச்ச அரிசி. “போட்டுக் காட்டுங்க, பார்த்துட்டு வாங்கிக்கறேன்”ன்னாங்க. கடைக்காரர் சிரிச்சுட்டே போட்டுக் காட்டினார். மாவு வெள்ளையா வந்ததைப் பார்த்துட்டு, அடுத்ததா அத்தை கேட்டது, “எஸ்டிமேட் வேண்டாங்க, பில் போடுங்க.”

உங்க வீட்டு அலமாரியிலயும் அப்படி ஒரு பொருள், “விடு, போகட்டும்”னு வெச்சது இருக்கலாம். வாங்கின தேதியைப் பாருங்க. முடிஞ்சா இன்னைக்கே அந்த ஒரு பக்கத்தை எழுதிடுங்க. அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட சந்திப்போம்.